எந்தத் தரையிலிருந்து 400 அடி? தருமபுரி, கிருஷ்ணகிரியில் ட்ரோன் பறக்கவிடப் போகிறவர்களுக்கு

என் முதல் ட்ரோனை பாலக்கோடு பக்கம் ஒரு பாறைக்குன்றின் அடியில் நின்றபடி உடைத்தேன். மாமா மகனின் தக்காளித் தோட்டத்தை மேலிருந்து படம் பிடித்துத் தருகிறேன் என்று போயிருந்தேன். தோட்டம் முடிந்தது, ஆசை முடியவில்லை. அப்படியே குன்றைச் சுற்றி ஒரு வட்டம் அடிக்கலாம் என்று விட்டேன். ட்ரோன் பாறைக்குப் பின்னால் போய் மறைந்ததும் சிக்னல் அறுந்தது. அறுந்தால் தானாகத் திரும்பி வரும் வசதிதான் இருக்கிறதே என்று நிம்மதியாக நின்றேன். வந்தது. 30 மீட்டர் உயரத்தில், நேர்கோட்டில் வந்து பாறையில் மோதியது.

ட்ரோன் மேல் பிழையே இல்லை. திரும்பும் உயரத்தை 30 மீட்டர் என்று வைத்தது நான்தான். நம் இரண்டு மாவட்டங்களிலும் புதிதாக ட்ரோன் வாங்குகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இந்த உயரக் கணக்குதான். அதற்கு வருவதற்கு முன் வாங்குவது, பதிவது பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

வாங்கும் முன்

இந்தியாவில் ட்ரோன்களுக்கான சட்டம் 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள். 2022, 2023 ஆண்டுகளில் சில திருத்தங்கள் வந்தன. விதிகள் எல்லாவற்றையும் எடையில் இருந்து ஆரம்பிக்கின்றன. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை ஸ்மால், 150 கிலோ வரை மீடியம், அதற்கும் மேல் லார்ஜ். எடை என்றால் வெறும் ட்ரோனின் எடை இல்லை. பேட்டரி, கேமரா, தொட்டியில் ஊற்றிய மருந்து எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. சந்தையில் 249 கிராம் என்று அச்சிட்ட ட்ரோன்கள் நிறையக் கிடைப்பதற்குக் காரணம் இந்த 250 கோடுதான். அதே ட்ரோனுக்குப் பெரிய பேட்டரி போட்டால் கோட்டைத் தாண்டி மைக்ரோ ஆகிவிடும். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

கடைக்காரர் சொல்லாத இன்னொன்றும் உண்டு. 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. ஆராய்ச்சி, பாதுகாப்புத் துறை, காவல் போன்ற தேவைகளுக்கு மட்டும் விலக்கு. உதிரிபாகங்கள் வரலாம், முழு ட்ரோன் வரக்கூடாது. ‘சிங்கப்பூரிலிருந்து தம்பி கொண்டுவந்தான், பில் இல்லை, பாதி விலைக்குத் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். அதைப் பதிவு செய்ய வழி இருக்காது. பதிவு எண் இல்லாத ட்ரோனை வைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் விளக்கம் சொல்லும் நிலைமை நல்ல நிலைமை இல்லை.

மைக்ரோவிலிருந்து மேலே போகும் ட்ரோனுக்கு வகைச் சான்று வேண்டும். அந்த மாதிரி ட்ரோன் பரிசோதிக்கப்பட்டு ஏற்கப்பட்டது என்பதற்கான சான்று அது. தயாரிப்பாளர் வாங்கிவைத்திருப்பார், நீங்கள் கேட்டுப் பார்த்தால் போதும். அடுத்தது உங்கள் ட்ரோனுக்கே உரிய தனி அடையாள எண். யுஐஎன் என்பார்கள். வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி. டிஜிசிஏ எனும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் இணையதளம் வழியாக விண்ணப்பம், கட்டணம் 100 ரூபாய். நானோ தவிர மற்றவற்றுக்கு மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும்.

ஓட்டுகிறவருக்கும் சான்றிதழ் உண்டு. நானோவுக்கு வேண்டாம். மைக்ரோவைச் சொந்த ஆசைக்கு ஓட்டினாலும் வேண்டாம். ஆனால் கல்யாணத்தில் படம் பிடித்துக் காசு வாங்கினால் அது வணிகம். சொந்தக்காரர் கல்யாணம், காசு வாங்கவில்லை, கவரில் வைத்துக் கொடுத்தார்கள் என்று என்னிடம் வாதாடியவர்கள் இருக்கிறார்கள். கவர் என்றாலும் காசு காசுதான். சான்றிதழுக்கு 18 முதல் 65 வயது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, டிஜிசிஏ அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்தில் பயிற்சி, தேர்வு. இதற்குக் கடவுச்சீட்டு கட்டாயம் என்று யாராவது பயமுறுத்தினால், அது பழைய கதை. 2023 திருத்தத்துக்குப் பிறகு வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, ஓட்டுநர் உரிமம் போன்றவையும் செல்லும். சென்னையில் தமிழ்நாடு அரசின் ட்ரோன் கழகமே இந்தப் பயிற்சி தருகிறது. சான்றிதழ் 10 ஆண்டு செல்லும். எந்த வகைக்குப் பயிற்சி எடுத்தீர்களோ அந்த வகைக்குத்தான் அது பொருந்தும் என்பதைச் சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து தெளிக்க நினைக்கிறவர் கேமரா ட்ரோனுக்குப் பயிற்சி எடுத்துவிட்டு வந்து தலையில் கை வைத்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

வரைபடத்தில் நிறம் பார்ப்பது

ட்ரோன்களுக்கான அரசு இணையதளமான டிஜிட்டல் ஸ்கையில் நாடு முழுவதற்கும் வான்வெளி வரைபடம் இருக்கிறது. பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று நிறம். பச்சையில் தரையிலிருந்து 400 அடி வரை, அதாவது 120 மீட்டர் வரை, முன்அனுமதி இல்லாமல் பறக்கலாம். இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்கும் 12 கிலோமீட்டருக்கும் நடுவில் இருந்தால் பச்சை 200 அடியோடு, அதாவது 60 மீட்டரோடு நின்றுவிடும். அதற்கு மேலே போனால் மஞ்சள், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டிடம் அனுமதி வாங்க வேண்டும். சிவப்பில் பறக்க மத்திய அரசின் அனுமதி வேண்டும். அது நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாக்கனி.

ஒசூர்க்காரர்கள் இதில் கூடுதலாகக் கண் வைக்க வேண்டும். தளி சாலையில் பேளகொண்டப்பள்ளியில் ஒரு தனியார் விமான ஓடுதளம் இருக்கிறது. விமானப் பராமரிப்பு வேலைகள் நடக்கும் இடம். பயணிகள் விமானம் வருவதில்லை என்பதால் பலரும் அதை மறந்தே போயிருப்பார்கள். ஓடுதளம் அமைதியாக இருக்கிறது என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள், வரைபடத்தைப் பாருங்கள். ஒசூரில் பெரிய விமான நிலையம் அமைப்பதாக 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்திருக்கிறார்கள். அது வரும்போது இந்தப் பகுதியின் நிறங்களும் மாறும். தெற்கே, தொப்பூர் கணவாயைத் தாண்டி ஓமலூர் பக்கம் வேலை என்றால் கமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்தைக் கணக்கில் எடுங்கள்.

வரைபடத்தை ஒருமுறை பார்த்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டால் போதாது. பறக்கும் ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும், விதியே அப்படித்தான் சொல்கிறது. தலைவர்கள் வருகை, கலவரம் போன்ற அவசரங்களில் ஓர் இடத்தைத் தற்காலிகச் சிவப்பாக அறிவிக்கக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. ஒருமுறைக்கு 96 மணி நேரம் வரை செல்லும். முதலமைச்சர் கிருஷ்ணகிரிக்கு வருகிறார் என்று செய்தித்தாளில் பார்த்தால் அந்த வாரம் ட்ரோனைப் பெட்டியிலேயே விடுங்கள்.

நிறம் பச்சையாக இருந்தாலும் கீழே இருக்கும் நிலத்துக்கு வேறு சொந்தக்காரர் இருப்பார். ஒகேனக்கல் போகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். அருவியைச் சுற்றிலும் காடு. 2022இல் இரண்டு மாவட்டக் காடுகளையும் சேர்த்து காவேரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ஆற்றின் எதிர்க்கரையில் கர்நாடகத்தின் சரணாலயம். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே ட்ரோன் எடுக்காதீர்கள். தேன்கனிக்கோட்டை, தளி, ஜவளகிரி பக்கம் யானைக் கூட்டம் ராகிக் காட்டுக்குள் வந்திருக்கிறது, மேலிருந்து பார்க்கலாம் என்று ஆசைப்பட்டு ட்ரோன் விடுவது எல்லாவற்றிலும் மோசம். சத்தத்துக்கு மிரண்ட யானை ஓடும் திசையில் ஒரு வீடு இருக்கும். கிருஷ்ணகிரிக் கோட்டை, ராயக்கோட்டை போன்ற இடங்களுக்குத் தொல்லியல் துறையிடமும், கேஆர்பி அணை, கெலவரப்பள்ளி அணைக்கு நீர்வளத் துறையிடமும் முதலில் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்வார்கள். அதற்காகக் கேட்காமல் விடலாம் என்று ஆகாது.

இனி உயரக் கணக்கு

விதி சொல்லும் 400 அடி, ட்ரோனுக்கு நேர் கீழே இருக்கும் தரையிலிருந்து. உங்கள் ரிமோட்டின் திரை காட்டும் உயரம், நீங்கள் கிளப்பிய இடத்திலிருந்து. தஞ்சாவூர் வயலில் நிற்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். நமக்கு அப்படி இல்லை. தருமபுரி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 460 மீட்டர், ஒசூர் ஏறத்தாழ 900 மீட்டர். நடுவில் எத்தனை குன்று, எத்தனை பள்ளம்!

ஊரைவிட 100 மீட்டர் உயரமான ஒரு மலைக்கோயில் மேட்டில் நின்று கிளப்புகிறீர்கள் என்று வையுங்கள். திரையில் 50 மீட்டர். ஒழுங்காகத்தான் பறக்கிறோம் என்று நினைத்து ஊர்ப் பக்கம் நகர்த்துகிறீர்கள். திரையில் எண் மாறவில்லை. ஆனால் ஊருக்கு மேலே வந்ததும் ட்ரோன் தரையிலிருந்து 150 மீட்டரில் இருக்கிறது. ஒரு விசையைக்கூட மேலே தள்ளாமல் 120 மீட்டர் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். ஆளிருக்கும் விமானமோ ஹெலிகாப்டரோ வந்தால் வழிவிட வேண்டியது நீங்கள்தான்.

திருப்பிப் போட்டால் என் கதை. அடிவாரத்தில் நின்று கிளப்பி மேட்டுப் பக்கம் நகர்த்தினால், திரையில் எண் அப்படியே இருக்க, தரை மேலேறி வந்து ட்ரோனைத் தொடும். வத்தல்மலைச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளைப் படம் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதனால் நான் இப்போது செய்வது இது. போவதற்கு முந்தைய இரவு கூகுள் எர்த்தில் பறக்கப்போகும் பகுதியைத் திறந்து, நான் நிற்கப்போகும் இடத்தின் உயரத்தையும், சுற்றிலும் 500 மீட்டருக்குள் இருக்கும் ஆக உயர்ந்த மேடு, ஆகத் தாழ்ந்த பள்ளம் இரண்டின் உயரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்கிறேன். மேடு எவ்வளவு உயர்ந்திருக்கிறதோ அதோடு அங்கே நிற்கும் மரம், டவர் உயரத்தைக் கூட்டி, மேலே இன்னும் 20 மீட்டர் சேர்த்தால் அதுதான் திரும்பும் உயரம். பள்ளம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அதை 120இலிருந்து கழித்தால் அதுதான் அந்தப் பள்ளத்துக்கு மேலே திரை காட்டலாம் என்ற வரம்பு. சில இடங்களில் இந்த இரண்டு எண்களும் ஒத்துப்போகாது. திரும்பும் உயரம் வரம்பைவிட அதிகமாக வரும். அப்படி வந்தால் அந்த இடத்தில் நின்று பறக்கக் கூடாது என்று அர்த்தம். நடந்து போய் வேறு இடம் பாருங்கள், பெரும்பாலும் மேட்டுக்கு இந்தப் பக்கமே முழு வேலையையும் முடிக்க ஓர் இடம் கிடைக்கும்.

சிக்னல் அறுந்ததும் பெரும்பாலான ட்ரோன்கள் செய்வது இவ்வளவுதான்: நிற்கும், வைத்த உயரத்துக்கு ஏறும், கிளம்பிய இடத்தை நோக்கி நேராக வரும், இறங்கும். சின்ன ட்ரோன்கள் பலவற்றில் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கும் கண் கிடையாது. கண் உள்ளவையும் மின்கம்பியைப் பார்ப்பதில்லை.

களத்தில்

கிளப்பும் முன் அரை மணி நேரம் முன்பே போய்ச் சுற்றி நடந்து பாருங்கள். உயர் அழுத்த மின்கோபுரங்களுக்கு நடுவில் தொங்கும் கம்பி மேலிருந்து கேமராவில் தெரியவே தெரியாது. கோபுரத்தைப் பார்த்தால் கம்பி இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தூரம் வையுங்கள். கிரானைட் குவாரி பக்கம் என்றால் வெடி வைக்கும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மொட்டை மாடியிலிருந்து கிளப்பாதீர்கள். தளத்துக்குள் இருக்கும் கம்பி ட்ரோனின் திசைமானியைக் குழப்பும், கார் பானெட் மேல் வைத்துக் கிளப்பினாலும் இதே கதி. வெறும் மண்தரையில் ஒரு தார்ப்பாய்த் துண்டை விரித்து அதன் மேல் வையுங்கள். நம் செம்மண் தூசி மோட்டாருக்குள் போனால் லேசில் வெளியே வராது. இறக்கைகளை விரலால் தடவிப் பாருங்கள், சின்ன வெட்டு இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஜிபிஎஸ் பிடித்து, கிளம்பும் இடம் பதிவாகிவிட்டது என்று திரை சொல்லும்வரை காத்திருங்கள். அவசரப்பட்டுக் கிளப்பினால் ட்ரோன் திரும்பி வேறு யார் தோட்டத்துக்கோ போகும். ஆள் உயரத்தில் அரை நிமிடம் நிறுத்திப் பாருங்கள். தானாக ஒரு பக்கம் நழுவினால் இறக்கிவிடுங்கள், அன்றைக்கு வேண்டாம்.

பறக்கும்போது ட்ரோன் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். திரையில் தெரிவதைச் சொல்லவில்லை, வானத்தில் தெரிய வேண்டும். நீங்கள் திரையைப் பார்க்கும் நேரத்தில் வானத்தைப் பார்க்க ஓர் ஆளைப் பக்கத்தில் நிறுத்துங்கள். ‘அண்ணா, பருந்து வருது’ என்று அவர் ஒரு குரல் கொடுத்தால் போதும். பருந்து வந்தால் நேராக மேலே ஏற்றுங்கள், பெரும்பாலும் விட்டுவிடும். பாறை இடுக்கிலும் பெரிய மரங்களிலும் தொங்கும் மலைத்தேன் கூடுகளுக்குப் பக்கத்தில் போகவே போகாதீர்கள். கொட்டு வாங்குவது ட்ரோன் இல்லை, கீழே நிற்கிறவர்கள்.

காற்றைப் பற்றி ஒரு கணக்கு. உங்கள் ட்ரோனின் வேகம் நொடிக்கு 10 மீட்டர், காற்று நொடிக்கு 7 மீட்டர் என்று வையுங்கள். காற்றோடு சேர்ந்து ஒரு கிலோமீட்டர் போக ஒரே நிமிடம்தான் ஆகும். திரும்பும்போது காற்றை எதிர்த்து நொடிக்கு 3 மீட்டர்தான் நகரும், ஐந்தரை நிமிடம் பிடிக்கும். பாதி பேட்டரி மீதி இருக்கிறதே என்று நினைத்தவர்கள் ட்ரோனைத் தேடிப் போன இடம் பெரும்பாலும் காற்று அடித்த பக்கம்தான். எப்போதும் முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள், திரும்புவது சுலபமாகும். 30 சதவீதத்தில் இறங்கத் தொடங்குங்கள். அம்மியே பறக்கும் என்று சொல்லிவைத்த ஆடி மாதத்தில் அரைக்கிலோ ட்ரோன் எம்மாத்திரம்? சித்திரை, வைகாசியில் மதியத்துக்கு மேல் திடீரென்று காற்றும் மழையும் ஒன்றாக வரும். நான் காலை ஒன்பது மணிக்குள் வேலையை முடித்துவிடுவேன்.

மாந்தோப்பில் மருந்து தெளிக்கிறவர்களுக்கு

பத்து லிட்டர் தொட்டி வைத்த தெளிப்பு ட்ரோன்கள் பெரும்பாலும் ஸ்மால் வகை. சான்றிதழ் இல்லாமல் கை வைக்க முடியாது. மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் தெளிப்புக்கென்றே நடைமுறைகளை வெளியிட்டது, அதைப் படித்துவிடுங்கள்.

இனி நம் ஊர் விஷயம் ஒன்று. நம் இரண்டு மாவட்டமும் மல்பெரி மாவட்டம். உங்கள் மாந்தோப்பில் தத்துப்பூச்சிக்கு அடிக்கும் மருந்து ட்ரோன் விசிறிக்காற்றில் மிதந்து பக்கத்துக் காட்டு மல்பெரி இலையில் படிந்தால், அந்த இலையைத் தின்ற பட்டுப்புழு மொத்தமும் செத்துப்போகும். மூன்று வார உழைப்பு. அதற்கப்புறம் அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை என்ன இருக்கும்? முந்தைய நாளே போய்ச் சொல்லுங்கள், காற்று எதிர்ப்பக்கம் அடிக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள், வேலி ஓரத்து வரிசைகளைக் கைத்தெளிப்பானுக்கு விட்டுவிடுங்கள். தேனீப் பெட்டி வைத்திருப்பவர்களிடமும் இதே மாதிரி. மரத்துக்கு மிகத் தாழப் போனால் விசிறிக்காற்றில் பூ உதிரும். தோப்பு சரிவாக இருந்தால் தரையைத் தொடர்ந்து உயரத்தை மாற்றிக்கொள்ளும் வசதி உள்ள ட்ரோனாக எடுங்கள், இல்லாவிட்டால் சரிவுக்குக் குறுக்கே வரிசை வரிசையாகப் போங்கள்.

கூட்டம், திருவிழா

எருது விடும் விழாவுக்கு ட்ரோன் கேட்டு அழைப்பு வரும். ஓடும் மாட்டுக்கும் கூட்டத்துக்கும் நேர் மேலே பறக்க நான் ஒத்துக்கொள்வதில்லை. ஒரு இறக்கை முறிந்தால் ட்ரோன் கல்லைப் போல விழும், கீழே தலைகள். மாடு மிரண்டால் அது இன்னொரு விபத்து. ஓரமாக, ஆளில்லாத பக்கத்தில் நிறுத்தி சாய்வாகப் பிடித்தாலே நல்ல படம் வரும். விழாக்குழுவிடமும் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், ஒகேனக்கல்லிலோ ஊர் ஏரியிலோ குளிக்கிறவர்கள் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். தனிமையில் இருக்கும் பெண்ணைத் தெரியாமல் படம் பிடிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின் கீழ் குற்றம். ட்ரோன் விதியை மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதத்தோடு போகலாம், இது சிறைக்குக் கொண்டுபோகும்.

விழுந்துவிட்டால்

முதலில் ஆளுக்கு அடி பட்டதா என்று பாருங்கள். மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் ட்ரோனைத் தொடுங்கள். மின்கம்பியில் மாட்டியிருந்தால் கழியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், மின்வாரியத்துக்குத்தான் போன் செய்ய வேண்டும். மருந்து ட்ரோன் கிணற்றிலோ குட்டையிலோ விழுந்தால் அந்தத் தண்ணீரை யாரும் எடுக்காதபடி ஊரில் சொல்லுங்கள். விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் டிஜிட்டல் ஸ்கை வழியாகத் தகவல் கொடுக்க வேண்டும். விழுந்த இடம், திரை காட்டிய கடைசி உயரம், காற்று எப்படி இருந்தது என்பதை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள், வீட்டுக்குப் போனால் பாதி மறந்துவிடும்.

அடிபட்ட பேட்டரி வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் சில மணி நேரம் கழித்துத் தீப்பிடிக்கக்கூடும். உப்பியிருந்தால் குத்திப் பார்க்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். வண்டிக்குள் வைக்காமல், மணல் நிரப்பிய தகர டப்பாவில் வைத்து, வைக்கோல்போருக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் தள்ளி வெட்டவெளியில் ஒரு நாள் விட்டுவையுங்கள். என்னுடையது பாலக்கோட்டுத் தோட்டத்து வரப்பில் ஓர் இரவு முழுக்கக் கிடந்தது. காலையில் போய்ப் பார்த்தபோது டப்பா கறுத்திருந்தது.